பதினாறாம் ஜோடி

இந்தக் கதையில ஒரு இடத்துல வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். முன்னாடியே சொல்லிட்டேன். ஆனா அந்த இடம் ரொம்பத் தள்ளி இருக்கு. நடுவுல எந்திரிச்சு ஓடினவங்களுக்குக் கிடைக்காது.

"நெஜமாவாக்கா?"

நெஜமாத்தான்டா கபி.

"போன ஞாயித்துக்கிழமை ஹெட்மிஸ் குரல்ல பேசி என்னை யூனிஃபார்ம் போட வெச்ச. ஷூ கூடப் போட்டேன்."

அது வேற, இது வேற. மூக்கைச் சிந்திட்டு வா. காலை மடக்கிப் படு, அம்மா முதுகுல இடிக்குது பாரு.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்து இன்றோடு இருபத்தோரு நாள். மூன்று மாதம் வயிற்றில் இருந்த பாப்பா ஐப்பசிக் கடைசியில் இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் நேராகக் கட்டிலுக்கு வந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தையல் மெஷினில் பாதி தைத்த ரவிக்கை ஊசியோடு அப்படியே நிற்கிறது. யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். "நான்தான் குடம் தூக்கினேன்."

எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அன்றைக்கு அப்பாவுக்கு மினிபஸ்ஸில் கண்டக்டர் டியூட்டி, எனக்குப் பரீட்சை. அம்மா இரண்டு குடத்தை மாடிக்கு ஏற்றினாள். மறுநாள் காலையில் ரத்தம். ஆஸ்பத்திரியில் பாப்பாவின் திசுவைச் சோதனைக்கு அனுப்பியதற்கு நேற்றுத்தான் பதில் வந்தது. அப்பா அதைப் படித்துக் காட்டப் போனார், அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். காகிதம் இப்போது ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. நான் படித்துவிட்டேன். ப்ளஸ் ஒன்னில் எனக்கு உருப்படியாக வருவது பயாலஜி ஒன்றுதான்.

"கதை," என்றான் கபி.

விதி ஞாபகம் இருக்குல்ல? நீ 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா கதை அந்த இடத்துலயே நின்னுடும். உள்ள இருக்கிறவங்க தூக்கின காலைக் கீழ வைக்க முடியாம அப்படியே நிப்பாங்க, பாவம். இது நான் போட்ட விதி இல்ல, எனக்குக் கதை சொல்றப்போ அம்மா போட்ட விதி.

"ம்ங்."

சளி பிடிச்ச 'ம்' தான். பரவாயில்ல, செல்லும்.

ஒரு ஊர்ல ஒரு... இல்ல, மொதல்ல ஊரைச் சொல்றேன். அம்மா ஊசியால ஒரு காகிதத்துல குத்தினா புள்ளி விழும்ல? அந்தப் புள்ளி அளவுதான் ஊரே. உருண்டையா, வாசல் இல்லாம, ஜன்னல் இல்லாம ஒரு ஊரு. அந்த ஊர்ல இருந்தது யாரு தெரியுமா? நாப்பத்தாறு நூல்கண்டுங்க.

"நூல்கண்டா?"

ஆமா. எங்க புக்குல குரோமோசோம்னு பேரு போட்டிருக்கு. படத்துல பாத்தா அம்மா டப்பாவுல இருக்கிற நூல் சுத்தி வெச்ச மாதிரிதான் இருக்கு. மூக்கு சப்பையா இருக்கணுமா, முடி சுருட்டையா இருக்கணுமா, நெஞ்சு எந்தப் பக்கம் துடிக்கணும், எல்லாம் அந்த நூல்லயே எழுதியிருக்கும். எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கும். இருபத்து மூணு ஜோடி. ஜோடிக்கு ரெண்டு பேரு, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு.

"ம்ங். ஊரு எங்க இருந்துச்சு?"

ஒரு அம்மா வயித்துக்குள்ள. எப்போலேர்ந்துன்னு கேளு. அந்த அம்மா பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து. அவங்களே அவங்க அம்மா வயித்துல குட்டியாச் சுருண்டு கிடந்தாங்கல்ல, அப்பவே அவங்களுக்குள்ள இந்த ஊரு வந்தாச்சு.

"பொய்யி."

கபி, குரல் மாத்துறது மட்டும்தான் விளையாட்டு. இது நெஜம்.

அப்போ அந்த ஊருக்கு ஒரு கட்டளை வந்துச்சு. கரகரன்னு, ரயில்வே ஸ்டேஷன் மைக் மாதிரி. "கவனிக்கவும், கவனிக்கவும். ஒரு நாள் மணி அடிக்கும். அன்னைக்கு ஒவ்வொரு ஜோடியும் பிரியணும். ஒருத்தர் உள்ள இருக்கணும், ஒருத்தர் வெளிய போகணும். எதிர்ப்பக்கத்துலேர்ந்து வேற இருபத்து மூணு பேரு வருவாங்க, அவங்களுக்கு எடம் விடணும். அது வரைக்கும் யாரும் கையை விடக் கூடாது."

"யாரு வெளிய போவா, யாரு உள்ள இருப்பா?"

அது யாருக்கும் தெரியாது. சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி. அதனாலதான் உனக்குச் சப்ப மூக்கு, எனக்கு நல்ல மூக்கு.

"உனக்குத்தான் சப்ப மூக்கு."

சரி, சரி. அப்புறம் எல்லாரும் காத்திருந்தாங்க. அந்த அம்மா பொறந்தா. தவழ்ந்தா. காத்திருந்தாங்க. பள்ளிக்கூடம் போனா, மெஷின் மிதிக்கப் பழகினா, டகடக டகடக. காத்திருந்தாங்க. கல்யாணம் ஆச்சு. பக்கத்துல இதே மாதிரி வேற வேற ஊருங்க இருந்துச்சு. அதுல ஒண்ணுல மணி அடிச்சுது, டிங், ஒரு பொண்ணு பொறந்தா. அழகான பொண்ணு, அறிவான பொண்ணு.

"நீயா?"

நான் பேரே சொல்லலியே. அப்புறம் இன்னொரு ஊர்ல டிங், சளி ஒழுகிக்கிட்டே ஒரு பையன் பொறந்தான். இந்த ஊர்ல மட்டும் மணி அடிக்கல. அதுல பதினாறாவதா ஒரு ஜோடி இருந்துச்சு. ஒண்ணுக்குக் கீச்சுக் குரல், ஒண்ணுக்குத் தூங்குமூஞ்சிக் குரல்.

கீச்சுக் குரல் கேட்கும், "கை வலிக்குதா?"

தூங்குமூஞ்சி சொல்லும், "மரத்துப் போச்சு."

"கொஞ்ச நேரம் விட்டுட்டுப் பிடிச்சுக்குவோமா?"

"மணி அடிக்கலியே."

பத்து வருஷம் கழிச்சுக் கேட்டாலும் இதேதான். இருபது வருஷம் கழிச்சும் இதேதான். முப்பத்தெட்டு வருஷம்டா கபி. அம்மா வயசு எவ்வளவோ அவ்வளவு வருஷம்.

"ம்ங்."

அப்புறம் ஒரு நாள், டிங். ஊரோட ரெண்டு ஓரத்துலேர்ந்தும் கயிறு வந்துச்சு, சர்ர்ர், சர்ர்ர். ஒவ்வொருத்தர் இடுப்புலயும் ஒண்ணு மாட்டிச்சு. மொத ஜோடி இருக்குதே, அதுதான் இருக்கறதுலயே குண்டு. பி.டி. மாஸ்டர் குரல். "டேய், அழக் கூடாது. நெஞ்சை நிமித்து. லெஃப்ட், ரைட், போ." சொல்லிட்டு அதுவே தேம்பித் தேம்பி அழுதுச்சு.

கபி கொஞ்சம் சிரித்தான். "இதுவா சிரிப்பு வர்ற எடம்?"

இல்ல. அது இன்னும் தள்ளி.

ரெண்டாம் ஜோடி கை விட்டுச்சு, போய்ட்டு வாங்கன்னு. மூணாம் ஜோடி கை விட்டுச்சு. நாலாம் ஜோடி திரும்பிப் பாக்காமயே போச்சு. ஒவ்வொரு கையா விடுற சத்தம் எப்படி இருந்துச்சுன்னா, இலையிலேர்ந்து தண்ணி சொட்டுற மாதிரி. சொட். சொட். சொட்.

"ம்ங்."

பதினாறாம் ஜோடி முறை வந்துச்சு. மொத தடவை கயிறு இழுத்துச்சு, சர்ர்ர். கை வரல. ரெண்டாந் தடவை இழுத்துச்சு, சர்ர்ர். கீச்சுக் குரல் சொல்லுச்சு, "நான் விட்டுட்டேன், நீ விடு." தூங்குமூஞ்சி சொல்லுச்சு, "நானும் விட்டுட்டேன். விரல்தான் பிரியல." மூணாந் தடவை ஒரே இழுப்பு. ஒரு பக்கத்துக் கயிறு நழுவிடுச்சு. ரெண்டும் ஒண்ணாவே உள்பக்கம் வந்து விழுந்துச்சு, தொப்.

"ம்ங்."

யாரு தப்பு? யாரு தப்பும் இல்ல. முப்பத்தெட்டு வருஷம் விடாதே, விடாதேன்னு சொல்லிட்டு ஒரே நிமிஷத்துல விடுன்னா விரலு என்ன பண்ணும்? எத்தனையோ ஊர்ல இப்படி நடக்குமாம். நம்ம மாதிரி ஆளுங்களுக்குத் தெரியாமயே.

இது எப்போ நடந்துச்சு? ஆவணி மாசம், ஒரு செவ்வாக்கிழமை. அந்த அம்மா அப்போ என்ன பண்ணிக்கிட்டிருந்தா? எதிர்வீட்டு லூர்து அக்கா மகளுக்குக் கல்யாண ரவிக்கை. கொக்கி வெச்சுக்கிட்டிருந்தா, வாய்ல நூலோட. அவளுக்கு ஒண்ணும் தெரியல. வயித்துல பாப்பா கிடையாது அப்போ. பாப்பான்னு ஒண்ணு ஆரம்பிக்கவே இல்ல.

கட்டிலின் அந்தப் பக்கத்தில் வளையல் ஒருமுறை சுவரில் உரசிற்று. வெளியே கார்த்திகை மழை தகரத்தில் சடசடத்துக்கொண்டிருந்தது.

"ம்ங்."

அப்புறம் எதிர்ப்பக்கத்து இருபத்து மூணு பேரு வந்தாங்க. எப்படி வந்தாங்க? விசில் அடிச்சுக்கிட்டு. ப்ரீங். நம்ம அப்பா குரல்ல. "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு. படியில நிக்காத. பதினாறாம் நம்பர் யாரு? ரெண்டு பேரா? சரி, நான் ஒருத்தன், மூணு பேரா ஒக்காந்துக்கலாம், நகருங்க." ப்ரீங், ரைட்.

இப்போ ஊர்ல எத்தனை பேரு? நாப்பத்தாறு இருக்க வேண்டிய எடத்துல நாப்பத்தேழு.

அப்போதான் பாப்பா ஆரம்பிச்சுது. ஒரு ஊரு ரெண்டு ஊரா ஆகணும். எப்படி ஆகும்? நாப்பத்தேழு நூலையும் பாத்துப் பாத்து, ஒரு இழை விடாம இன்னொரு தடவை திரிப்பாங்க. அசலும் நகலும் இடுப்புல ஒட்டிக்கிட்டு நடுத்தெருவுல வரிசையா நிக்கும். ரெண்டு பக்கமும் கயிறு, சர்ர்ர். அசல் அந்தப் பக்கம், நகல் இந்தப் பக்கம். நடுவுல ஒரு சுவரு. ரெண்டு ஊரு. ரெண்டுலயும் நாப்பத்தேழு.

அப்போ பதினாறாவதுல மூணாவதா இருந்தவன் கேட்டான். மெதுவாக் கேட்டான். "நான் கூடுதலா வந்தவன்தானே. எறங்கிக்கட்டுமா?"

எல்லாரும் சொன்னாங்க, "எங்க எறங்குவ? வா, எடம் இருக்கு."

ரெண்டு ஊரு நாலு ஊராச்சு. மறுபடியும் கேட்டான், "எறங்கிக்கட்டுமா?"

"வா, வா."

நாலு எட்டாச்சு. மூணாந் தடவை கேட்டான். அப்பவும் யாரும் துரத்தல. அவனுக்கும் நகல் எடுத்தாங்க, அவனையும் வரிசையில நிறுத்தினாங்க, அவனுக்கும் கயிறு கட்டினாங்க. அதுக்கப்புறம் ஒரு எடத்துல கூட, ஒரு தடவை கூட, யாரும் ஒரு தப்பும் பண்ணல. ஆயிரம் ஊரு, லட்சம் ஊரு ஆச்சு. அத்தனையிலயும் அவனைப் பத்திரமாக் கொண்டு போய்ச் சேத்தாங்க. அவ்வளவு பாசம்.

"ம்ங்."

அப்புறம் ஒரு நாள் நெஞ்சு துடிச்சுது. லப்டப், லப்டப். அந்த அம்மா ஸ்கேன் ரூம்ல கேட்டா. வீட்டுக்கு வந்து மெஷின்ல ஒக்காந்து, காலால அதே மாதிரி மிதிச்சுக் காட்டினா. லப்டப், லப்டப். அவ பொண்ணு அதைப் பாத்து நக்கல் பண்ணினா. பண்ணியிருக்கக் கூடாது.

ஆனா உள்ள என்ன ஆச்சுன்னா, ரெண்டு பேரு சொல்ல வேண்டிய வேலையை மூணு பேரு சொன்னாங்க. ஒரே நேரத்துல மூணு குரல். "சுவரு கட்டு." "கட்டு." "கட்டு." கட்டுறவங்களுக்குக் குழப்பம். ஒரு எடத்துல ரொம்பக் கட்டினாங்க, ஒரு எடத்துல கட்டவே முடியல. சோறு வர்ற வழி சரியா அமையல. லப்டப். லப்... டப். லப்...

என் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் சறுக்கிவிட்டது. எந்தக் குரலையும் இரவல் வாங்காமல் பேசினால் இப்படித்தான் ஆகிறது.

"ம்ங்."

அப்புறம் சத்தம் இல்ல.

அப்புறம்தான் எல்லாரும் வந்தாங்க. செத்த வீட்டுக்கு வர்றவங்க சும்மாவா வருவாங்க? குத்தவாளியைத் தேடிக்கிட்டே வருவாங்க. மொதல்ல ஒரு அத்தை வந்தாங்க. "அப்பவே சொன்னேன் தேனு, கேட்டாத்தானே? பப்பாளியைக் கண்ணால பாத்தாலே ஆகாது. நீ ரெண்டு துண்டு தின்னிருக்க." அப்புறம் கீழ்வீட்டு ஓனரம்மா வந்தாங்க. இருமிக்கிட்டே. "க்ஹும். மினிபஸ்ல ஏறலாமா மூணு மாசத்துல? க்ஹும். அந்தப் பள்ளத்துல நமக்கே கொடல் மேல வந்துடுது." மூணாவதா அந்த அம்மாவே வந்தா. தனக்கெதிரா தானே வந்து நின்னா. "அதெல்லாம் இல்ல. நான்தான் குடம் தூக்கினேன்."

அப்போ கதையில ஒரு கோர்ட் கூடுச்சு. அவங்க கை காட்டின மூணு பேரையும் கூண்டுல ஏத்தினாங்க. மூணு பேருக்கும் ஒரே கேள்வி. "நீ எப்போ வந்த? நீ வந்தப்போ பதினாறாம் ஜோடி விழுந்தாச்சா, இல்லையா?"

பப்பாளி ஏறுச்சு, கொழகொழன்னு பேசிக்கிட்டு. "ஐயா, நான் வந்தது தீபாவளிக்கு ரெண்டு நாளு முன்னாடிங்க. அதுக்குள்ள அது விழுந்து ரெண்டு மாசம் ஆயிடுச்சுங்க." சரி, நீ எறங்கு.

"ம்ங்."

மினிபஸ் ஏறுச்சு. புர்ர்ர், டொக். "பள்ளத்துல எறக்கினது நெஜந்தான் சார். கேஸ் போடுங்க, ரோடு போட்டவங்க மேல போடுங்க. ஆனா நான் புரட்டாசியிலதான் ஏத்தினேன். அது ஆவணியில." நீயும் எறங்கு.

"ம்ங்."

மூணாவதா குடம். பச்சைக் கலரு பிளாஸ்டிக் குடம், கழுத்துல ஒரு கீறல். படி ஏறுற மாதிரியே கூண்டுல ஏறுச்சு. டொம். டொம். டொம். நின்னுச்சு. மூச்சு வாங்குச்சு. ஜட்ஜைப் பாக்கல. அந்த அம்மாவைப் பாத்துச்சு. வாயைத் திறந்துச்சு.

நான் நிறுத்தினேன். மழை மட்டும் பெய்தது.

'ம்' வரலியே. விதின்னா விதிதான். கதை நின்னாச்சு. குடம் பாவம், திறந்த வாயோட அப்படியே நிக்குது.

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிருக்கும். கீழே ஓனரம்மா வீட்டில் ஒரு தட்டு விழுந்தது.

சுவர்ப் பக்கமிருந்து, இருபத்தோரு நாள் தண்ணீர் படாத மாதிரி ஒரு குரல் வந்தது.

"குடம் என்ன சொல்லுச்சு?"

நான் கபிக்கே சொல்வதுபோல் அவன் பக்கம் பார்த்துச் சொன்னேன். குடத்துக்கு என்ன குரல் கொடுப்பது என்று நேற்றிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். அப்போது ஒன்றும் நினைவு வரவில்லை. என் குரலிலேயே சொன்னேன்.

"குடம் சொல்லுச்சு, 'தாயி, உன் இடுப்புல எத்தனை வருஷமா ஒக்காந்து மாடி ஏறியிருக்கேன். வேணி வயித்துல இருந்தப்பவும் ஏறினேன். கபி வயித்துல இருந்தப்பவும் ஏறினேன். அப்போ நான் யாரையும் எடுத்துட்டுப் போகலியே. இந்தத் தடவை நான் வர்றதுக்கு எழுபது நாளைக்கு முன்னாடியே எல்லாம் முடிவாகிப் போச்சு. நீ எம்பக்கத்துலயே வராம, பஞ்சு மெத்தையில படுத்தே கிடந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அன்னைக்கு நான் தண்ணி மட்டும்தான் கொண்டு வந்தேன்.'"

அம்மாவின் தோள் அசைந்தது. ஆஸ்பத்திரியில் அழவில்லை, அத்தை அழுதபோதும் அழவில்லை. இப்போது சத்தம் வராமல் வெகு நேரம் அழுதாள். நான் தொடவில்லை. தொட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

பிறகு கேட்டாள். "அந்தக் காயிதத்துல அப்படியா போட்டிருக்கு?"

"பதினாறாம் நம்பர் ரெண்டு இருக்க வேண்டிய எடத்துல மூணு இருக்குன்னு போட்டிருக்கும்மா. குடத்தைப் பத்தி ஒரு வரி இல்ல. பஸ்ஸு, நழுவின கயிறு எல்லாம் நான் போட்டது. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்னு டாக்டர் அப்பாகிட்டச் சொன்னாராம்."

"அதுக்கு வலிச்சிருக்குமாடி?"

"இல்லம்மா. வலியைக் கொண்டு போற நரம்பு நூலு அதுக்கு இன்னும் ஓடவே இல்ல."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான் கதை. நூலு தீர்ந்துது, ஊசியைச் செருகி வை, கண்ணை மூடு.

"சிரிப்பு வரும்னு சொன்ன," என்றாள் அம்மா. "கடைசி வரைக்கும் காணோம். பச்சப் புள்ளைக்குச் சொல்ற கதையாடி இது? அவன் வேற கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் ம் கொட்டிட்டுக் கெடக்கான்."

சொல்லிக்கொண்டே கையை ஊன்றித் திரும்பினாள். இருபத்தோரு நாளில் முதல்முறையாக எங்கள் பக்கம்.

கபி மல்லாந்து கிடந்தான். வாய் பிளந்திருந்தது. கன்னத்தில் வழிந்த எச்சில் தலையணையில் வட்டம் போட்டு, ஓரத்தில் காய்ந்தே போயிருந்தது. ஒரு கால் என் வயிற்றின் மேல் இருந்தது.

"இவன் எப்போடி தூங்கினான்?"

"ரெண்டாம் ஜோடி கை விட்டப்பவே."

அம்மா அவனைப் பார்த்தாள். காய்ந்த எச்சிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்போ இவ்வளவு நேரம் ம் கொட்டினது?"

நான் மூக்கை இறுக்கிப் பிடித்து, பாதி வாயைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டேன்.

"ம்ங்."

அம்மா சட்டென்று இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள், கபி எழுந்துவிடக் கூடாதென்று. கட்டில் குலுங்கியது.